பள்ளிக் கதவு திறக்குமுன்

(புதிய தவணை தொடங்குதற்கு முன்னர், ஹட்டனில், தோட்டத்துப் பெற்றோரும் மாணவரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்னும் சில நாட்களிற் பாடசாலைகள் திறக்கவிருக்கின்றன. கடைத்தெருவிற் புத்தகப் பைகளும் சப்பாத்துகளும் தொங்கத் தொடங்கிவிட்டன. வாங்க இயன்றவர் வாங்கட்டும். ஆயினும், தவணைக்குத் தயாராதல் என்பது கடையிலே தொடங்கிக் கடையிலே முடிந்துவிடும் காரியம் அன்று. கவ்வாத்து வெட்டிய மலையிற் கொழுந்து தானே வந்து கூடையில் விழுவதில்லை. களை எடுத்து, உரமிட்டு, காத்திருந்து பறிக்கிறோம். வடக்கிலும் கிழக்கிலும் நெல் விளைவிக்கும் நம் சகோதரர்களும் மழை விழுந்த பின்னர் ஏர் தேடுவதில்லை. பயிருக்குக் காட்டும் இந்த முன்யோசனையைப் பிள்ளைக்குக் காட்டுகிறோமா? இதுவே இன்று நம்முன் உள்ள கேள்வி.

ஒவ்வொரு தவணையின் தொடக்கத்திலும் இரண்டு பட்டியல்கள் உருவாகின்றன. ஒன்று, ஆசிரியர் எழுதும் வரவுப் பதிவேடு. மற்றையது, எவரும் எழுதாத பட்டியல். விடுமுறைக்கெனக் கொழும்புக்குச் சென்று, கடையிலோ பங்களாவிலோ வேலைக்கு நின்று, திரும்பி வராத பிள்ளைகளின் பட்டியல் அது. தம்பியைப் பார்த்துக்கொள்ள லயத்திலேயே நிறுத்தப்பட்ட பெண்பிள்ளையின் பெயரும் அதில் உண்டு. பிள்ளை பள்ளியை விட்டு விலகுவது பெரும்பாலும் தவணையின் நடுவில் அன்று. விடுமுறைக்கும் முதல் வாரத்துக்கும் இடையில்தான். ஆகவே அந்த முதல் வாரத்தைக் காப்பதே நம் முதற்கடமை.

தாழ்வாரத்திலிருந்து வகுப்பறைக்கு

இந்த மலைகளிற் பாடசாலை என்பது எளிதிற் கிடைத்த பொருள் அன்று. 1907 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் 1920 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டமும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஏற்பாடு செய்யும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மீதே சுமத்தின. 1920 இன் சட்டம் கருதியது 6 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளை. பிரட்டுக்களத்திற் பேர் போட்ட அதே அதிகாரம் பள்ளிக்கும் பேர் போட்டது! லயத்தின் ஒரு காம்பராவிலோ தாழ்வாரத்திலோ ஓர் ஆசிரியர் எல்லா வகுப்புகளையும் ஒருங்கே நடத்தினார். பத்து வயதுக்குப் பின் என்ன? கூடையும் முள்ளுக்குத்தியுந்தான்.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1945 இல், இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தது. தோட்டப் பாடசாலையோ அந்தப் பந்தலுக்கு வெளியே நின்றது. 1947 தேர்தலிலே தலவாக்கலையிலிருந்து சி. வி. வேலுப்பிள்ளை பாராளுமன்றம் சென்றார். மலைநாட்டின் வேறு தொகுதிகளிலிருந்தும் தொழிலாளர் பிரதிநிதிகள் சென்றனர். 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் அந்த மக்களின் குடியுரிமையையே பறித்தது. 1952 தேர்தலின் பின்னர் அவர்களுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட குரல் ஒன்றுகூட அச்சபையில் இல்லை. வாக்கில்லாதவன் பிள்ளைக்குப் பள்ளி கேட்க அங்கே யார் இருந்தார்?

1960 இலும் 1961 இலும் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைக் கையேற்றபோதும் தோட்டப் பாடசாலை கைவிடப்பட்டது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே, 1970களின் பிற்பகுதி தொடங்கி, இப்பாடசாலைகள் படிப்படியாக அரசாங்கத்தின்கீழ் வந்தன. கணக்கிட்டுப் பாருங்கள்: நாட்டின் ஏனைய பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி கிடைத்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே லயத்துப் பிள்ளைக்கு அது கிட்டிற்று. ஓட்டப் பந்தயத்திலே ஒருவனை முப்பது ஆண்டு பிந்தி ஓடவிட்டு, பின்தங்கினான் என்று பழிப்பது நீதியா?

அவ்வாறு பிந்தித் தொடங்கியும் இம்மலைகள் ஆசிரியரையும் எழுத்தாளரையும் சட்டத்தரணியையும் மருத்துவரையும் ஈன்றுள்ளன. ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம் போன்ற ஆசிரியர்கள் ஒரு தலைமுறைக்கே கண் திறந்தனர். ஜெர்மனிய உதவியோடு பத்தனையில் எழுந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி தோட்டப் பகுதிகளுக்கு ஆசிரியரைத் தருகின்றது. கதவு திறந்திருக்கிறது. பிள்ளையை அந்தக் கதவுவரை கொண்டு சேர்ப்பது யார் பொறுப்பு?

சட்டம் சொல்வது

அரசியலமைப்பின் 27 ஆம் உறுப்புரை, கல்வியில் யாவருக்கும் சமமான வாய்ப்பை உறுதிப்படுத்துதலை அரசின் குறிக்கோள்களுள் ஒன்றாக வைக்கின்றது. ஆனால் அந்தக் கோட்பாடுகளை நீதிமன்றத்திலே வழக்காடி நிலைநாட்ட முடியாது என்று 29 ஆம் உறுப்புரை கதவைச் சாத்துகின்றது. அதனாற் சோர்ந்துவிட வேண்டியதில்லை. 1939 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டத்தின்கீழ் 1997 இல் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகள் 5 முதல் 14 வயதுவரை பாடசாலை செல்லுதலைக் கட்டாயமாக்கின. 2016 இல் அவ்வெல்லை 16 வயதுக்கு உயர்த்தப்பட்டது. 2021 இல் வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயதும் 16 ஆயிற்று. ஆகவே, பதினான்கு வயதுப் பிள்ளைக்குக் கொழும்பிலே ‘நல்ல இடம்’ இருக்கிறதென்று லயத்துக்கு வரும் தரகரிடம் நீங்கள் சொல்லவேண்டியது ஒன்றே: “ஐயா, இது சட்டத்துக்கு மாறு.” அச்சொல்லைச் சொல்லும் துணிவே இந்தத் தவணைக்கான முதல் ஆயத்தம்.

பெட்டியில் இருக்கவேண்டிய தாள்

இரண்டாவது, பிறப்புச் சான்றிதழ். முதலாம் தரத்திற் சேரும்போது அது கேட்கப்படும். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை வேண்டும். அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். தந்தையின் பெயர் ஓரிடத்தில் ஒருவிதமாகவும் மற்றோரிடத்தில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருப்பின், பத்தாண்டு கழித்துப் பரீட்சை வாசலில் அந்த எழுத்துப் பிழை பிள்ளையை மறிக்கும். இன்றே எடுத்துப் படித்துப் பாருங்கள். பதிவு செய்யப்படாத பிறப்பைக் காலங்கடந்தும் பதியலாம். தொலைந்த சான்றிதழுக்குப் பிரதேச செயலகத்திற் பிரதி பெறலாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்திலும் மண்சரிவிலும் உடைமைகளை இழந்த குடும்பங்கள் இதனை மேலும் தள்ளிப்போடலாகாது. சான்றிதழ் இல்லையென்பதற்காகப் பிள்ளையை வீட்டில் நிறுத்தவும் வேண்டாம். பாடசாலை அதிபரிடம் அழைத்துச் செல்லுங்கள். சேர்க்கையும் பதிவும் ஒருங்கே நடக்கட்டும்.

இந்த மண்ணிற் பத்திரம் இல்லாமையின் விலையை நம்மைவிட நன்கு அறிந்தவர் எவர்? 1948 இல் இழந்ததை முற்றாக மீட்க 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம்வரை காத்திருந்த மக்கள் நாம். ஒரு தாளை அற்பமாக எண்ண நமக்கு உரிமை இல்லை.

வெளிச்சமும் ஒரு மூலையும்

மூன்றாவது, செலவு. சம்பளச் சபை 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளமாக விதித்தது 1350 ரூபாய். அந்தக் கூலியிற் சப்பாத்தும் கொப்பியும் ஒரே வாரத்தில் வாங்க இயலாதென்பதை நாம் அறிவோம். பாடநூல்கள் 1980 முதல் இலவசமாக வழங்கப்படுகின்றன; சீருடைத் துணியும் அரசாங்கத்தால் வழங்கப்பெற்று வருகின்றது. எஞ்சியவற்றுக்குத் தீபாவளிச் செலவைத் திட்டமிடுவதுபோலச் சம்பள நாள்தோறும் சிறிது ஒதுக்குங்கள். மேல்வகுப்புக்குச் செல்லும் பிள்ளையின் சட்டையும் பையும் அடுத்த காம்பராவுப் பிள்ளைக்குப் போகட்டும். அதில் இழிவு ஒன்றும் இல்லை.

நான்காவது, இடம். பத்தடிக் காம்பராவிலே சமையலும் படுக்கையும் தொலைக்காட்சியும் படிப்பும் ஒருங்கே நடைபெறுகின்றன. மாலையில் ஒரு மணி நேரம், ஒரு விளக்கு, ஒரு மூலை, ஓசையற்ற வீடு: இவற்றுக்குக் காசு வேண்டாம், வீட்டார் ஒருப்பட்டால் போதும். தந்தை அந்த ஒரு மணி நேரம் மதுவை விட்டு வீட்டில் அமர்ந்திருப்பாராயின், அது ஆயிரம் ரூபாய்ப் பையிலும் மேலான பரிசு.

மாணவர்களுக்கு ஒரு சொல்

மாணவச் செல்வங்களே! விடுமுறையின் இறுதி வாரத்தைச் சென்ற தவணைக்குக் கொடுங்கள். எந்தக் கணக்கில் இடறினீர்கள் என்று பழைய கொப்பியைத் திறந்து பாருங்கள். புதிய பாடம் பழைய பாடத்தின் தோளில் ஏறித்தான் வரும். ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலோடு ஓட்டம் முடிந்ததென எண்ணாதீர்கள். கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் கண்டு அஞ்சி ஒதுங்காதீர்கள். உயர்தரத்தில் அத்துறைகளைக் கற்பிக்கும் பாடசாலைகள் நம் பகுதியிற் குறைவாயிருப்பது நாம் போராடித் தீர்க்கவேண்டிய குறை. ஆனால் கற்க மாணவர் முன்வந்தால்தான் அந்தக் கோரிக்கைக்கு வலிமை உண்டு. தமிழைப் பிழையற எழுதப் பழகுங்கள். சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். மொழி அறியாமையால் அலுவலக மேசையின்முன் தலைகுனிந்து நின்ற பெற்றோரின் நிலை உங்களுக்கு வேண்டாம். தூரத்து மலையிலிருந்து நடந்து வருபவர்கள் முதல் நாளிலிருந்தே வேளைக்கு எழப் பழகுங்கள். பனியையும் மழையையும் சாட்டாகச் சொல்லாதீர்கள்.

கற்றவர் கடன்

இறுதியாக, கற்றுப் பதவி பெற்றவர்களுக்கு ஒரு விண்ணப்பம். சட்டத்தரணிகள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு வந்து பிறப்புப் பதிவுக்கான விண்ணப்பங்களை நிரப்பித் தரலாம். மருத்துவர்கள் பிள்ளைகளின் கண்ணையும் காதையும் சோதிக்கலாம். கரும்பலகை தெரியாத பிள்ளை மந்தன் என்று பெயர் பெற்றுவிடுகிறான். பட்டதாரிகள் மாலை வகுப்பு நடத்தலாம். வடக்கு கிழக்கு உழவர்கள் ஒரு பாடசாலையின் மதிய உணவுக்கு அறுவடையிலிருந்து சில மூடை நெல் அனுப்பலாம். மேடையில் மலையகத் தமிழரை உடன்பிறப்பு என்று அழைப்பது எளிது. உடன்பிறந்தவனின் பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்று கேட்பதே அந்த உறவுக்கு அடையாளம்.

நாம் முன்வைக்கும் வேலைத்திட்டம் மிகச் சிறியது. ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் மூவர் சேருங்கள்: ஒரு தாய், ஓர் ஆசிரியர், ஓர் இளைஞர். பள்ளி திறக்கும் முதல் நாள் மாலை வரவுப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். வராத பிள்ளையின் காம்பராவுக்கு அன்றிரவே செல்லுங்கள். காரணத்தைக் கேளுங்கள். சப்பாத்து இல்லையென்றால் சப்பாத்து தேடுவோம். சான்றிதழ் இல்லையென்றால் விண்ணப்பம் எழுதுவோம். கொழும்புக்கு அனுப்பிவிட்டார்களென்றால் திரும்பக் கொண்டுவரச் சட்டத்தின் துணையை நாடுவோம். முதல் வாரம் முடிவதற்குள் எவரும் எழுதாத அந்த இரண்டாவது பட்டியலை நாமே எழுதி, அதிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாக முதற் பட்டியலுக்கு மாற்றுவோம்.