சேர்ந்து செய்யும் வேலைக்கும் சம்பளம் உண்டு

வார இறுதி இரவுகளில் ஓர் ஊரில் அடிதடி பெருகினால், அதைக் காவல்துறை பார்த்துக்கொள்ளட்டும் என்பதே நம் முதல் எண்ணம். ஆனால் அடிதடி நடக்கும் தெருவுக்கு விளக்குப் போடுவதும், அங்குள்ள மதுக்கூடத்துக்கு உரிமம் கொடுப்பதும், இளைஞர் மன்றத்தைத் திறந்து வைப்பதும் மூடுவதும் உள்ளாட்சியின் கையில் இருக்கின்றன. பிரிட்டன் இதை உணர்ந்து 1998இல் சட்டம் இயற்றியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காவல்துறையும் உள்ளாட்சி மன்றங்களும் கூடித் திட்டமிட்டே ஆகவேண்டும் என்று அது கட்டாயமாக்கியது. ஆனால் கூட்டுப் பணிக்கென்று நிலையான நிதியை அது உறுதி செய்யவில்லை. கால் நூற்றாண்டாக அந்த ஏற்பாடு தள்ளாடுவதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

கூட்டுப் பணி பலன் தரும் என்பதற்கு வேல்ஸின் தலைநகர் கார்டிஃப் சான்று. அங்கே முக அறுவை மருத்துவரான ஜோனதன் ஷெப்பர்ட், அடிபட்டு மருத்துவமனைக்கு வருவோரில் பெரும்பகுதியினர் காவல்துறைப் பதிவேட்டில் இல்லவே இல்லை என்று கண்டார். அதனால் அவசரப் பிரிவு வரவேற்பில் சில கேள்விகள் கேட்கத் தொடங்கினார்கள்: எந்த இடம், எந்த நேரம், எதைக் கொண்டு தாக்கினார்கள். பெயர் நீக்கிய அந்தத் தகவல் காவல்துறைக்கும் மாநகர மன்றத்துக்கும் போனது. ரோந்து செல்லும் தெருக்கள் மாறின. மதுக்கூடங்களில் எளிதில் உடைந்து ஆயுதமாகும் கண்ணாடிக் கோப்பைகளுக்கு மாற்று வந்தது. 2011இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு கார்டிஃபை அதுபோன்ற 14 நகரங்களோடு ஒப்பிட்டது. வன்முறைக் காயங்களால் மருத்துவமனையில் சேர்க்கப்படுவது அந்நகரங்களோடு ஒப்பிடும்போது 42 சதவீதம் குறைந்திருந்தது. குற்றம் எங்கும்தானே குறைகிறது, இதில் கூட்டுப் பணியின் பெருமை என்ன என்று கேட்பவர்களுக்கு அந்த ஒப்பீடே பதில். செலவிட்ட ஒவ்வொரு பவுண்டுக்கும் 82 பவுண்டு மிச்சமானதாகப் பின்னர் வந்த பொருளாதார மதிப்பீடு கூறியது.

கூட்டுப் பணிக்குச் செலவிடும் பணத்தில் கூடுதலாகக் காவலர்களை நியமிக்கலாமே என்பது வலுவான ஆட்சேபம். 2010க்குப் பிறகு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 20,000 காவலர் பணியிடங்கள் குறைந்ததை மக்கள் மறக்கவில்லை. காவலர்கள் தேவைதான். ஆனால் பதிவேட்டுக்கே வராத வன்முறை எந்தத் தெருவில் நடக்கிறது என்று தெரியாமல் அவர்களை எங்கே நிறுத்துவது? இதைவிடக் கவலை தருவது தகவல் பகிர்வின் ஆபத்து. லண்டன் காவல்துறையின் கும்பல் பட்டியலில் இருந்த 203 பேரின் விவரங்களைப் பெயரோடு பலருக்கும் அனுப்பியதற்காக நியூஹாம் உள்ளாட்சி மன்றத்துக்கு 2019இல் 1,45,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. அது மன்னிக்கத்தக்க பிழை அல்ல. ஆனால் கார்டிஃபில் கைமாறியது இடமும் நேரமும். ஆட்களின் பெயர் அல்ல. எதைப் பகிரலாம், எதைப் பகிரக்கூடாது என்று தெரிந்த, முறையாகப் பயிற்சி பெற்ற ஊழியர் இருந்தால்தான் இந்த வேறுபாடு காப்பாற்றப்படும். அதற்கும் பணம் வேண்டும்.

அந்தப் பணம் ஓராண்டுக்கு மட்டும் என்று வந்ததுதான் பெரிய கேடு. 2019இல் 18 பகுதிகளில் இத்தகைய கூட்டுப் பணிக்கான வன்முறைக் குறைப்புப் பிரிவுகளுக்கு அரசு 3.5 கோடி பவுண்டு ஒதுக்கியது. ஆனால் 2022 வரை ஒவ்வோர் ஆண்டும் அடுத்த ஆண்டுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஓராண்டு வேலைக்கு வருபவர் ஊரையும் ஆட்களையும் புரிந்துகொள்வதற்குள் வேறு வேலை தேடத் தொடங்கிவிடுவார். உள்ளாட்சியே ஈடுகட்டட்டும் என்பதும் நடக்காது. 2023இல் பர்மிங்காம் மாநகர மன்றமே வரவுக்குள் செலவை அடக்க முடியாது என்று அறிவித்தது. நெருக்கடியில் முதியோர் பராமரிப்பைச் சட்டப்படி கைவிட முடியாது; வெட்டு விழுவது இளைஞர் மன்றத்தின் மீதுதான். எனவே காவல்துறைக்கும் உள்ளாட்சிக்கும் நடுவே தகவலைச் சேர்த்து அலசும் ஊழியருக்கு, வேறெதற்கும் திருப்ப முடியாதபடி, குறைந்தது மூன்றாண்டுச் சம்பளத்தை அரசு முதலில் ஒதுக்க வேண்டும். மற்றத் திட்டங்களை அதன்பிறகு அறிவிக்கட்டும்.