கச்சத்தீவும் பார்லிமெண்டில் எழுந்த கேள்விகளும்

(மேல்விஷாரத்தில் தோல் பதனிடும் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



"காலையிலிருந்து சுண்ணாம்புத் தொட்டியில் நின்றுவிட்டு வருகிறோம். எங்களிடம் கடல் எல்லையைப் பற்றியும் வெளிநாட்டு மந்திரியைப் பற்றியும் ஏன் பேசுகிறீர்கள்?" என்று சில தோழர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே செல்வோம்.

சம்பளம், பஞ்சப்படி, போனஸ் இவற்றுக்காக நம் பிரதிநிதிகள் முதலாளியிடம் பேசப் போகிறார்கள். போவதற்கு முன் கோரிக்கையை நம் முன் வைக்கிறார்கள். பேசி முடித்ததும் கேட்டுக்கு வந்து, "இது கிடைத்தது, இது கிடைக்கவில்லை, இதை விட்டுக் கொடுத்தோம்" என்று சொல்கிறார்கள். நாம் கேள்வி கேட்கிறோம். அவர்கள் பதில் சொல்கிறார்கள். நம்மைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, "எல்லாம் உங்கள் நன்மைக்கே" என்றால் நாம் விடுவோமா?

பார்லிமெண்ட் என்பது இந்த தேசத்தின் கேட் கூட்டம். அங்கே காலையில் ஒரு மணி நேரம் கேள்வி நேரம். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு மந்திரி எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். உறுப்பினர்கள் மேலும் துணைக் கேள்வி கேட்கலாம். குறியில்லாத கேள்விக்கு எழுத்தில் பதில். ஆனால் வெளிநாட்டுடன் ஒப்பந்தம் செய்ய சர்க்கார் முன்கூட்டியே பார்லிமெண்டின் சம்மதத்தைப் பெற வேண்டும் என்று நம் அரசியல் சட்டத்தில் பொதுவான கட்டாயம் இல்லை. ஆகவே கையெழுத்து முதலில் விழுகிறது. கேள்வி பிறகுதான் எழுகிறது. இதனால் யார் தலையில் இடி விழுந்தது என்பதைக் கச்சத்தீவின் கதை காட்டும்.

கச்சத்தீவு 285 ஏக்கர் நிலம். குடிதண்ணீர் கிடையாது. புனித அந்தோணியார் கோயில் ஒன்று உண்டு. வருஷத்துக்கு ஒரு முறை திருவிழா. அக்கரைத் தமிழரும் இக்கரைத் தமிழரும் அங்கே கூடுவார்கள். மீனவர்கள் வலை உலர்த்துவார்கள். ராமநாதபுரம் ஜமீனின் உரிமை அங்கே இருந்தது என்பது இந்தியாவின் வாதம். தீவு எங்களுடையது என்பது இலங்கையின் வாதம்.

1950களின் நடுவில், அந்தத் தீவை இலங்கை குண்டுவீச்சுப் பயிற்சிக்குப் பயன்படுத்தப் போகிறது என்ற செய்தி வந்தது. பார்லிமெண்டில் கேள்விகள் எழுந்தன. அப்போது பிரதம மந்திரியும் வெளிநாட்டு மந்திரியும் நேருவே. 1961 மே மாதம் அவர் எழுதிய குறிப்பு ஒன்று 2024இல் வெளியே வந்தது. இந்தச் சிறு தீவுக்குத் தாம் எந்த முக்கியத்துவமும் கொடுக்கவில்லை, உரிமையை விட்டுக் கொடுக்கத் தயங்கவும் மாட்டேன் என்று அதில் எழுதியிருந்தார். விஷயம் முடியாமல் கிடப்பதும், பார்லிமெண்டில் திரும்பத் திரும்பக் கிளப்பப்படுவதும் தமக்குப் பிடிக்கவில்லை என்றும் எழுதியிருந்தார். டில்லியிலிருந்து பார்த்தால் தீவு சிறியதுதான். வலை உலர்த்துகிறவனுக்கு அது சிறியதா?

தோழர்களே, நிலத்தை மட்டுமல்ல, மனிதரையும் இப்படித்தான் பேசி முடித்தார்கள். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் செய்தார்கள். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் ரத்தம் சிந்திய நம் மக்கள் 9,75,000 பேர். இவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று கணக்குப் போட்டார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974 ஜனவரியில் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். ஆட்டுச் சந்தையில்கூட ஆட்டின் பல்லைப் பார்த்துத்தான் விலை பேசுகிறான். இங்கே அந்தத் தொழிலாளியின் முகத்தைக்கூட யாரும் பார்க்கவில்லை. "உனக்கு எங்கே வாழ விருப்பம்?" என்று அவனைக் கேட்டுவிட்டா கணக்குப் போட்டார்கள்?

அதே 1974 ஜூன் மாதக் கடைசியில் கடல் எல்லை ஒப்பந்தம். இந்திரா காந்தியும் சிறிமாவோவும் கையெழுத்திட்டார்கள். கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போயிற்று. ஜூலை 23ஆம் தேதி வெளிநாட்டு மந்திரி ஸ்வரண் சிங் லோக்சபையில் அறிக்கை வைத்தார். தி.மு.க.வின் இரா. செழியன் எதிர்த்தார். ராமநாதபுரம் உறுப்பினர் மூக்கையா தேவர், தம் தொகுதி மண்ணைத் தம்மைக் கேட்காமல் கொடுத்துவிட்டதாகக் கொதித்தார். மந்திரி என்ன பதில் சொன்னார்? சரித்திர ஆவணங்களை ஆராய்ந்தே எல்லை போட்டோம். மீன்பிடிப்பு, யாத்திரை, கப்பல் போக்குவரத்து ஆகிய உரிமைகள் எதிர்காலத்துக்கும் முழுமையாகப் பாதுகாக்கப்பட்டுள்ளன என்றார். ஒப்பந்தத்தின் ஐந்தாவது ஷரத்து, இந்திய மீனவரும் யாத்திரிகரும் விசா இல்லாமல் முன்போலத் தீவுக்குப் போய் வரலாம் என்றது. ஆறாவது ஷரத்து, இரு நாட்டுப் படகுகளும் வழக்கமாக அனுபவித்துவந்த உரிமைகள் தொடரும் என்றது.

இருபது மாதம் கழிந்தது. 1976 மார்ச் 23. இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்களும் கடிதங்களை மாற்றிக்கொண்டார்கள். இந்திய மீன்பிடி படகுகளும் மீனவரும் இலங்கைக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்று அதில் எழுதப்பட்டது. கன்னியாகுமரிக்குத் தெற்கே வாட்ஜ் பாங்க் என்னும் வளமான மீன்பிடி பரப்பு இந்தியாவுக்கு உறுதியானது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பார்லிமெண்டில் "முழுமையாகப் பாதுகாக்கப்பட்டது" என்று சொன்ன உரிமை என்னவாயிற்று? அந்த நாள் எப்படிப்பட்ட நாள் என்பதையும் பாருங்கள். நாட்டில் அவசரநிலை. பத்திரிகைகளுக்குத் தணிக்கை. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில். தமிழ்நாட்டு மந்திரிசபை ஜனவரி 31ஆம் தேதியே கலைக்கப்பட்டிருந்தது. கேட்கிறவன் வாயைக் கட்டிவிட்டுப் போட்ட கையெழுத்து அது!

வேறு வழி இருந்ததா என்று கேட்கலாம். இருந்தது. பாகிஸ்தானுடன் 1958இல் செய்த ஒப்பந்தத்தின்படி வங்காளத்தின் பெருபாரியில் ஒரு பகுதியைக் கொடுக்க வேண்டியிருந்தது. தேசத்தின் மண்ணைக் கொடுப்பதானால் அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று 1960இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. கச்சத்தீவு விஷயத்தில் சர்க்கார், "அது தகராறுக்குட்பட்ட இடம், நாம் எதையும் கொடுக்கவில்லை" என்று சொல்லி அந்த வாசலைத் தாண்டிப் போனது. 2015இல் வங்க தேசத்துடன் எல்லை நிலங்களை மாற்றிக்கொண்டபோது, பார்லிமெண்டில் நூறாவது திருத்தம் நிறைவேறிய பிறகே மாற்றினார்கள். ஆகவே மக்கள் சபை முன் வைத்துச் செய்ய முடியாத காரியம் அல்ல இது.

இப்போதைய சர்க்கார் என்ன செய்கிறது? 2014இல் சுப்ரீம் கோர்ட்டில் அதன் தலைமை வழக்கறிஞர், தீவை மீட்க வேண்டுமானால் யுத்தம்தான் செய்ய வேண்டும் என்றார். 2015இல் தகவல் உரிமைச் சட்டக் கேள்விக்கு வெளியுறவு இலாகா, இந்திய மண் எதையும் கொடுக்கவுமில்லை, வாங்கவுமில்லை என்று பதில் எழுதியது. ஆனால் 2024 ஏப்ரல் முதல் தேதி, தமிழ்நாட்டில் ஓட்டுப் பதிவுக்குப் பதினெட்டு நாள் முன்பு, வெளிநாட்டு மந்திரி ஜெய்சங்கர் பத்திரிகையாளர்களைக் கூட்டித் தீவைத் தாரை வார்த்த கதையை விவரித்தார். கோர்ட்டில் ஒரு நாக்கு, தேர்தலில் ஒரு நாக்கு! இருபது வருஷத்தில் 6,184 இந்திய மீனவர் பிடிபட்டார்கள், 1,175 படகுகள் பறிபோயின என்ற கணக்கும் அவர் சொன்னதே. கணக்கு வைத்திருக்கிற மந்திரியிடம் தீர்வு எங்கே என்று கேட்கத்தான் பார்லிமெண்ட் இருக்கிறது.

பாட்டாளிகள் நாம் இன்னொன்றையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். பிடிபடும் விசைப்படகில் கூலிக்கும் பங்குக்கும் போகிறவன் தொழிலாளி. படகு பெரும்பாலும் வேறொருவருடையது. பறிபோவது முதலாளியின் படகு. யாழ்ப்பாணச் சிறையில் கிடப்பது தொழிலாளியின் உடம்பு. மறுபக்கம், யுத்தத்தால் சொந்தக் கடலிலேயே தடைப்பட்டுக் கிடந்து, 2009க்குப் பிறகு மீண்டும் வலை வீசத் தொடங்கியவன் வட இலங்கைத் தமிழ் மீனவன். கடலின் அடியை வாரும் இழுவை மடி அவன் வலையை அறுக்கிறது. மீன் குஞ்சையும் அழிக்கிறது. அவனும் ஏழை, அவனும் நம்மவன். "தீவை மீட்போம்" என்று மேடையில் முழங்குகிறவர்கள் அவனைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஏழைக்கும் ஏழைக்கும் சண்டை மூட்டிவிட்டு ஓட்டு அறுவடை செய்வது ஆளும் வர்க்கத்தின் பழைய வித்தை.

எல்லைத் தகராறுக்குப் பேச்சுவார்த்தைதான் வழி, யுத்தம் அல்ல. யுத்தம் வந்தால் முதலில் சாகிறவன் விவசாயியின் மகன். ஆனால் பேச்சு யாருக்காக, யாரைக் கேட்டு என்பதே நம் கேள்வி. 2014இல் சென்னையிலும் கொழும்பிலும் இரு நாட்டு மீனவரே நேரில் உட்கார்ந்து பேசினார்கள். அந்த வழி தொடர வேண்டும். இழுவை மடியைக் கைவிடும் தொழிலாளிக்கு மாற்றுத் தொழிலும் இடைக்கால நிவாரணமும் சர்க்கார் தர வேண்டும். பிடிபட்டவர்களை விடுவிக்க வேண்டும். எல்லை ஒப்பந்தம் எதுவானாலும் கையெழுத்துக்கு முன் பார்லிமெண்டிலும் சம்பந்தப்பட்ட மாநிலச் சட்டசபையிலும் வைக்க வேண்டும்.

இதெல்லாம் கடற்கரைக்காரன் பாடு என்று எண்ணாதீர்கள். நம் பாலாற்றுக்கும் 1892ஆம் வருஷத்து ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. சென்னைக்கும் மைசூருக்கும் இடையே எழுதியது. காகிதம் பத்திரமாக இருக்கிறது. ஆற்றில் மணல்தான் இருக்கிறது. எழுதிய உரிமையும் கேட்க ஆளில்லாவிட்டால் செத்த எழுத்துதான்.

ஆகவே தோழர்களே, ஓட்டுக் கேட்க வருகிறவரிடம் தெருவிளக்கையும் சாக்கடையையும் மட்டும் கேட்டு அனுப்பிவிடாதீர்கள். "பார்லிமெண்டில் எங்களுக்காக என்ன கேள்வி கேட்டீர்? மந்திரி என்ன பதில் சொன்னார்? அந்தப் பதில் நடந்ததா?" என்று கேளுங்கள். கேள்வி நேரம் டில்லியில் ஒரு மணி நேரம்தான். டேனரி வாசலிலும் வயல் வரப்பிலும் அதற்கு நேர அளவு கிடையாது!