கடைமடைக் கணினிக்கு ஏன் வரவில்லை?

(நீடாமங்கலம் வட்டார வள மையத்தில் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணினி வலையமைப்பு பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் "இது கம்ப்யூட்டர் சார் பாடம், நமக்கெதற்கு" என்று தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சிலர் பின்வரிசைக்குப் போய்விட்டீர்கள். முன்னால் வாருங்கள். காலையில் வருகைப் பதிவு ஏறாமல் கைப்பேசியை ஜன்னல் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்பது கம்ப்யூட்டர் சார் மட்டுமல்லவே! ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் அப்படிப் போகிறது என்று வையுங்கள். 200 வேலை நாளுக்கு 2000 நிமிடம். நாற்பது நிமிடப் பாடவேளையாகக் கணக்கிட்டால் 50 பாடவேளை.

நேரம் போவதைவிட எனக்குப் பெரிய கவலை வேறொன்று. கணினி ஆய்வகத்தில் இணையவழி மதிப்பீட்டுக்கு 20 பிள்ளைகள் உட்காருகிறார்கள். 14 பேருக்குத் திரை திறக்கிறது. கோடியில் உட்கார்ந்த ஆறு பேருக்குத் திறக்கவில்லை. அந்த ஆறு பேரும் தங்களுக்குத்தான் ஏதோ தெரியவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். நாமும் "நெட் ஸ்லோ" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். "வயலுக்குத் தண்ணீர் வரவில்லை" என்று வந்து நிற்கும் விவசாயியிடம் லஸ்கர் "ஆறு ஸ்லோ" என்று பதில் சொன்னால் விடுவாரா? எந்த மதகு, எந்த வாய்க்கால், எந்த மடை என்று கேட்பார். அதே கேள்வியை வலையமைப்பில் கேட்கக் கற்றுக்கொள்வதுதான் இன்றைய பாடம்.

இதற்கு நம் ஊரைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிறது. தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து வெட்டாறும் வடவாறும் பிரிகின்றன. இங்கே பக்கத்தில் மூணாறு தலைப்பில் அதே வெண்ணாறு பாமணியாறு, கோரையாறு, சிறிய வெண்ணாறு என மூன்றாகிறது. அப்புறம் கிளை வாய்க்கால், கண்ணி வாய்க்கால், மடை, வயல். வலையமைப்பின் அமைப்பும் இதுதான். நிறுவனம் தரும் இணைப்பு ஆறு. ரவுட்டர் தலைப்பு. சுவிட்ச் கிளை பிரியும் மதகு. ஒவ்வொரு கணினிக்கும் போகும் கேபிள் கண்ணி வாய்க்கால்.

உவமை ஓரிடத்தில் உடையும். அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். ஆற்றுத் தண்ணீருக்கு முகவரி கிடையாது. எந்த வயலில் பாய்ந்தாலும் தண்ணீர் தண்ணீர்தான். வலையமைப்பில் ஓடுவது அப்படியல்ல. ஒரு படமோ பாடமோ சின்னச் சின்னப் பொட்டலங்களாக வெட்டப்பட்டு, ஒவ்வொன்றின் மேலும் அனுப்புநர், பெறுநர் முகவரி எழுதப்பட்டு வருகிறது. 1960களில் அமெரிக்காவில் பால் பேரனும் இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸும் தனித்தனியாக எட்டிய யோசனை இது. ஒரு பொட்டலம் அதிகபட்சம் 1500 பைட் சுமக்கும் என்பது ஆய்வகக் கேபிள்களில் வழக்கமான அளவு. 60 மெகாபைட் காணொளி என்றால் தோராயமாக 40,000 பொட்டலம். வழியில் ஒன்று தொலைந்தால் அதை மட்டும் மறுபடி கேட்டு வாங்கலாம். இந்த "மறுபடி கேட்பது" ஒரு காலத்தில் பெரிய வம்பை இழுத்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், எல்லோரும் குழப்பிக்கொள்ளும் இரண்டு சொற்கள்: அகலம், தாமதம். மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதி அணை திறந்தால் தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும். அது தாமதம். விநாடிக்கு எத்தனை கன அடி வருகிறது என்பது அகலம். கூடுதல் கன அடி திறந்துவிட்டால், அது மூன்று நாள் பயணத்தை மூன்று மணி நேரமாக்காது. இணைப்பிலும் அப்படித்தான். "100 மெகாபிட் திட்டம் வாங்கிவிட்டோம், இன்னும் பக்கம் திறக்க நேரமாகிறது" என்று சொல்லும் தலைமை ஆசிரியர்களைப் பார்க்கிறேன். அகலத்துக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள். கோளாறு தாமதத்தில் இருக்கிறது.

இன்னொரு சிறு எச்சரிக்கை. மெகாபிட் வேறு, மெகாபைட் வேறு. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 20 மெகாபிட் இணைப்பு விநாடிக்கு இரண்டரை மெகாபைட்தான் தரும். விளம்பரத்தில் பிட், கோப்பின் அளவில் பைட். ஏமாந்துவிடாதீர்கள்.

அடுத்தது போக்குவரத்து. இந்த ஊர் ரயில்வே கேட்டை வைத்தே ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. நிமிடத்துக்கு 12 வண்டி வருகிறது. கேட் பத்து நிமிடம் மூடியிருந்தால் 120 வண்டி நிற்கும். திறந்ததும் நிமிடத்துக்கு 20 வண்டி கடக்கிறது. ஆனால் பின்னால் 12 வந்துகொண்டே இருக்கிறது. எனவே வரிசை நிமிடத்துக்கு எட்டுதான் குறையும். 120 வண்டி கரைய 15 நிமிடம். பத்து நிமிட மூடலுக்கு 25 நிமிட நெரிசல். அந்த 15 நிமிடம் முடியும் முன்னே கேட் மறுபடி மூடினால்? பழைய வரிசையின் வாலில் புது வரிசை சேரும். அப்படியே தொடர்ந்தால் நெரிசல் நாள் முழுக்கத் தீராது. ஏழாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு இது. கேட்டுக்கு அந்தப் பக்கம் சாலையை நான்கு வழியாக்கினாலும் இந்த விடை மாறாது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். குறுகிய இடம் எதுவோ அதுதான் முழு வழியின் திறன்.

டென்மார்க்கில் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏ. கே. எர்லாங் என்ற கணித வல்லுநர் 1909இல் இதைத்தான் ஆராய்ந்து எழுதினார். எத்தனை இணைப்புக் கம்பி போட்டால் அழைப்பவர் காத்திருக்க வேண்டியதில்லை? அவருடைய வழியில் வளர்ந்த வரிசைக் கோட்பாடு ஒரு விசித்திரத்தைச் சொல்கிறது. வருகை முன்பின்னாக, தாறுமாறாக இருக்கும் எளிய வரிசை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாதித் திறன் பயன்பட்டால், ஆகும் நேரம் காலியாக இருக்கும்போது ஆவதைப்போல் இரண்டு மடங்கு. 80 சதவீதம் என்றால் ஐந்து மடங்கு. 90 என்றால் பத்து. 95 என்றால் இருபது மடங்கு. கடைசி ஐந்து சதவீதத்தில் காத்திருப்பு இரட்டிப்பாகிறது பாருங்கள்! எனவே "நேற்று வரை நன்றாகத்தானே இருந்தது" என்று ஆச்சரியப்பட வேண்டாம். நேற்று 85இல் இருந்திருக்கும், இன்று இரண்டு கைப்பேசி கூடியிருக்கும்.

இப்போது 1986 அக்டோபருக்குப் போவோம். அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்திலிருந்த கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் இடையே நானூறு கஜம் தூரம். அந்த இணைப்பில் விநாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்தது திடீரென்று 40 பிட் ஆனது. கம்பி அறுபடவில்லை. என்ன நடந்தது? நெரிசலில் பொட்டலங்கள் தொலைந்தன. அனுப்பியவர்கள் மறுபடி அனுப்பினார்கள். அதனால் நெரிசல் கூடி இன்னும் தொலைந்தன; இன்னும் அனுப்பினார்கள். வான் ஜேக்கப்சன் என்பவர் இதை ஆராய்ந்து 1988இல் தீர்வை வெளியிட்டார். சாரம் இதுதான்: மெல்லத் தொடங்கு, போவது தெரிந்தால் கொஞ்சம் கூட்டு, ஒன்று தொலைந்தால் சட்டென்று பாதியாகக் குறை. இன்று உங்கள் கைப்பேசியும் இந்த வழியில் வந்த விதிகளின்படிதான் அனுப்புகிறது.

கருவி கட்டுப்பாட்டோடு இருக்கிறது. நாம்தான் இல்லை. 9.20க்கு வருகைப் பதிவு ஏறவில்லை என்றதும் பத்து தடவை பொத்தானை அழுத்துகிறோம். அதே நிமிடத்தில் பக்கத்துப் பள்ளியிலும் மாவட்டம் முழுக்கவும் அழுத்துகிறார்கள்.

சரி, அடைப்பு எந்த மதகில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெரிய மென்பொருள் வேண்டாம். எந்தக் கணினியிலும் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து பிங் என்ற கட்டளையை முகவரியோடு கொடுத்தால், ஒரு சிறு பொட்டலம் அங்கே போய்த் திரும்ப எத்தனை மில்லி விநாடி ஆனது என்று காட்டும். முதலில் உங்கள் பள்ளி ரவுட்டருக்குப் போடுங்கள்; பெரும்பாலும் 192.168.1.1 என்பதுபோல் இருக்கும், ரவுட்டரின் அடியில் ஒட்டியிருப்பார்கள். கேபிள் வழியே ஓரிரு மில்லி விநாடி வந்தால் நலம். 200, 300 வந்தால் அடைப்பு பள்ளிக்கு உள்ளேயே இருக்கிறது. நிறுவனத்தைத் திட்டிப் பயனில்லை. ரவுட்டர் சரி, வெளியே உள்ள முகவரிக்கு மட்டும் தாமதம் என்றால் வெளி இணைப்பில் கோளாறு, அல்லது உள்ளிருந்து யாரோ அதை நிரப்புகிறார்கள். எல்லாம் சரி, ஒரே ஒரு தளம் மட்டும் திறக்கவில்லை என்றால் கோளாறு அந்தத் தளத்தில். அப்போது பொத்தானை விட்டுவிட்டு வகுப்புக்குப் போய் அரை மணி கழித்து வாருங்கள்.

ஒரு வாரம் இதைக் குறித்து வையுங்கள். காலை, இடைவேளை, மதியம் என மூன்று வேளை. ரவுட்டருக்கு எவ்வளவு, வெளியே எவ்வளவு, எத்தனை கருவி இணைந்திருந்தது. இந்த மூன்று பத்தி அட்டவணைதான் போக்குவரத்துப் பகுப்பாய்வு. வயர்ஷார்க் போன்ற மென்பொருள்கள் ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரித்துக் காட்டும். மேல்நிலை வகுப்பில், ஒரு கணினியில், அனுமதியோடு செய்து காட்டலாம். எவ்வளவு போகிறது என்று பார்ப்பது நம் வேலை. யார் எதைப் பார்க்கிறார்கள் என்று எட்டிப்பார்ப்பது வேறு வேலை. அந்தக் கோட்டைப் பிள்ளைகளிடம் முதல் நாளே போட்டுவிடுங்கள்.

இப்படி அளந்து பார்த்தால் காரணம் பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். ஒரு பள்ளியில் பாதுகாப்புக்காக ரவுட்டரை இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். பத்திரமாகத்தான் இருந்தது, வைஃபை அலைதான் வெளியே வரவில்லை. வைஃபையில் இன்னொன்று: ஒரே அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். தூரத்து வகுப்பறையில் சிக்னல் மங்கலாக இருக்கும் ஒரு கைப்பேசி, ஒரு வார்த்தையை எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைபோல நேரம் எடுத்துக்கொள்ளும், மற்றவர்கள் காத்திருப்பார்கள். ஆகவே ஆய்வகக் கணினிகளுக்குக் கேபிள், கைப்பேசிகளுக்கு வைஃபை என்று பிரியுங்கள். கேபிள் ஒரு ஓட்டத்துக்கு 100 மீட்டருக்கு மேல் கூடாது. சுவிட்சுக்குப் பின் சுவிட்ச், அதற்குப் பின் இன்னொன்று என்று சங்கிலியாக மாட்டாமல், நடுவில் ஒன்றை வைத்து அதிலிருந்து கிளை பிரியுங்கள். யாராவது ஒரு கேபிளின் இரு முனையையும் ஒரே சுவிட்சில் செருகிவிட்டால், சாதாரண சுவிட்சில் பொட்டலங்கள் சுற்றிச் சுற்றி வந்து ஆய்வகமே நின்றுபோகும். எல்லா விளக்கும் பைத்தியம் பிடித்தாற்போல் மின்னினால் முதலில் அதைத் தேடுங்கள்.

பணம் செலவழிக்காத இன்னொரு வழி, ஒருமுறை வாங்கி உள்ளே பகிர்வது. 20 கணினியும் தனித்தனியாக அந்த 60 மெகாபைட் காணொளியை 20 மெகாபிட் இணைப்பில் இறக்கினால் மொத்தம் 1200 மெகாபைட், எட்டு நிமிடம். ஒரு கணினியில் முதல் நாளே இறக்கினால் 24 விநாடி. அங்கிருந்து மற்றவற்றுக்குப் பள்ளிக்குள்ளேயே கொடுத்தால், பழைய 100 மெகாபிட் சுவிட்ச் என்றாலும் ஒன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. ஆற்றை நம்பி இருக்காமல் ஏரியில் தேக்கிக்கொள்வது.

அதற்கும் மேல் போதவில்லை என்றால் முறை வைக்க வேண்டியதுதான். தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் இங்கே ஆற்றுக்கு இத்தனை நாள் என்று முறை வைத்து விடுவார்கள். எல்லா மதகையும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சம் திறந்தால் தலைமடைக்குக் கணுக்கால் தண்ணீர், கடைமடைக்கு ஈரம்கூட இல்லை. மதிப்பீடு நடக்கும் நாளில் 20 பேரையும் ஒரே விநாடியில் "ஆரம்பி" என்று சொல்லாதீர்கள். ஐந்து ஐந்து பேராக, ஒரு நிமிட இடைவெளியில், கோடிக் கணினியிலிருந்து தொடங்குங்கள். மற்ற வகுப்பறைக் கைப்பேசிகள் அந்த நேரம் வைஃபையை விட்டு வெளியே இருக்கட்டும். புதுப்பித்தல்களை முந்தின நாள் மாலையே முடித்துவிடுங்கள்.

வகுப்பறைக்கு ஒரு விளையாட்டு. நான்காம், ஐந்தாம் வகுப்புக்குப் போதும். ஒரு வாக்கியத்தை எட்டுத் துண்டுச் சீட்டில் எழுதி எண்ணிடுங்கள். முதல் வரிசைப் பிள்ளைகள் அனுப்ப, நடு வரிசை எந்த வழியாகவும் கடத்த, கடைசி வரிசை அடுக்கிப் படிக்க வேண்டும். ஒரு சீட்டை நீங்களே பறித்துவிடுங்கள். "ஆறாம் சீட்டு வரவில்லை" என்று கடைசி வரிசை கேட்கும்வரை காத்திருங்கள். அடுத்த சுற்றில் இருவர் ஒரே நேரத்தில் ஒரே பிள்ளையிடம் நீட்டட்டும். வரிசை எங்கே சேருகிறது என்று பார்க்கட்டும். பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் நூலில் வலையமைப்புப் பாடங்கள் இருக்கின்றன. அந்த மாணவர்களையே இந்த விளையாட்டை நடத்தச் சொல்லலாம். ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர்களுக்கு அந்த ஒரு வார அட்டவணை இருக்கிறது. சராசரியும் இடைநிலை அளவும் ஏன் வேறுபடுகின்றன என்பதற்கு, 2, 2, 3, 2, 391 என்ற ஐந்து பிங் அளவுகளைவிட நல்ல எடுத்துக்காட்டு புத்தகத்தில் இருக்காது. சராசரி 80, இடைநிலை 2.

சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து குழுவாகப் பிரிந்து இந்தக் கட்டடத்தின் ரவுட்டருக்கும் வெளியே ஒரு தளத்துக்கும் இருபது இருபது தடவை பிங் போட்டுக் குறிப்போம். ஒரு குழு மாடிக்குப் போகட்டும், ஒரு குழு ரவுட்டர் பக்கத்திலேயே நிற்கட்டும். கைப்பேசியில் காணொளி ஓடிக்கொண்டிருந்தால் இப்போதே அணைத்துவிடுங்கள். முதல் அளவு காலி ஆற்றில் எடுக்க வேண்டும்.