தீவகத்துப் பூச்சிக்கு ஒரு பெயர்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் பூச்சியைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் நினைக்கக்கூடும். நான் பேசப்போவது உண்மையில் எங்கள் ஊரைப் பற்றித்தான்.

முருங்கை மரத்தில் அப்பிக் கிடக்கும் மயிர்க்கொட்டியைத் தெரியாதவர் இங்கு யாருமில்லை. பந்தம் கொளுத்தி அதை எரித்த வீடுகள் பல. ஆனால் அது வளர்ந்து என்னவாகிறது? மங்கிய மஞ்சள் நிறத்தில், இரவில் விளக்கைத் தேடி வரும் ஓர் அந்துப்பூச்சியாகிறது. அலரி இலை தின்னும் பருத்த பச்சைப் புழுவின் முன்பக்கத்தில் நீலக் கண்கள் போல இரண்டு புள்ளிகள் இருக்கும். அது பச்சை வண்ணக் கோலமிட்ட அழகிய பூச்சியாகிப் பறக்கும். புழுவை அறிந்த நாம் பூச்சியை அறியவில்லை.

இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகள் சுமார் 250 இனங்கள்தான். அந்துப்பூச்சிகளோ அதைவிடப் பல மடங்கு. ஆகவே ஒருவர் தனியே பெயர் கண்டுபிடிப்பது கடினம். அன்றும் அப்படித்தான். 1880 முதல் 1887 வரை லண்டனில் மூன்று தொகுதிகளாக வெளிவந்த, இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் பற்றிய நூலை எழுதியவர் பிரெடெரிக் மூர். அதற்குப் படம் வரைந்தவர்கள் இங்கிருந்த டி அல்விஸ் குடும்பத்து ஓவியர்கள். இங்கே கண்டவரும் அங்கே அறிந்தவரும் சேர்ந்தே பெயர் வந்தது.

இன்று அந்த வேலையைக் கைத்தொலைபேசி செய்கிறது. 2008 இல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையத்தளங்களில் படம், இடம், திகதி மூன்றையும் இட்டால், முகம் அறியாத ஆர்வலர்கள் பார்த்துப் பெயர் சொல்வார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சரிபார்ப்பார். சில இனங்களைப் படத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. அப்போது பேரினத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்த நேர்மையும் நல்ல பாடம்.

தங்கைமாரே, செய்முறை எளிது. விறாந்தை விளக்கின் பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிடுங்கள். வந்து இருக்கும் பூச்சியை மேலிருந்தும் பக்கவாட்டிலும் படமெடுங்கள். அருகில் அடிமட்டம் ஒன்றை வையுங்கள். உணர்கொம்பு நூல் போன்றதா, இறகு போன்றதா என்று பாருங்கள். புழுவென்றால் எந்தச் செடியில் இருந்தது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள்.

இது பொழுதுபோக்கு மட்டுமல்ல. 2018 இல் சேனா படைப்புழு இலங்கைக்கு வந்து சோளச் செய்கையை அழித்தது. தலையில் தலைகீழான ஆங்கில வை எழுத்தும், வால்பக்கத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் அதன் அடையாளம். அதை அறிந்தவர் தோட்டத்தில் ஒருவராவது இருந்தால் நேரத்தோடு தெரிந்துகொள்ளலாம். அறியாவிட்டால் தீங்கற்ற புழுவுக்கும் மருந்தடிப்போம்.

வெளிநாட்டில் வாழும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். விஞ்ஞானப் பெயரை உலகில் யாரும் தரலாம். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் ஊர்காவற்றுறையிலும் எங்கள் அம்மம்மாமார் அந்தப் புழுவை எப்படி அழைத்தார்கள், எந்த மாதத்தில் எந்தச் செடியில் கண்டார்கள் என்பதை நாம்தான் தரமுடியும். இடப்பெயர்வுக்குப் பின் பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. அந்தச் சொற்களை அறிந்தவர்கள் டொரன்டோவிலும் லண்டனிலும் முதுமையில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். இங்குள்ள பிள்ளைகள் படமெடுக்கட்டும். இரண்டையும் ஒரே பதிவேட்டில் சேர்த்து எமது பாடசாலை நூலகத்தில் வைப்போம். அடுத்த நூற்றாண்டின் மாணவிக்கு அது பயன்படும்.