தேய்ந்த புஷ்ஷும் செப்பனிடும் முறையும்



மணாலிக்கு அருகேயுள்ள சோலாங் பள்ளத்தாக்கிலும், ஜெய்சல்மேரைச் சூழ்ந்த மணல்மேடுகளிலும் சிறிய நாற்சக்கர வண்டிகள் வாடகைக்கு ஓடுவதை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். அகன்ற டயர்களும், மோட்டார் சைக்கிளில் உள்ளது போன்ற கைப்பிடியும், குதிரைமேல் அமர்வதுபோல் காலைப் பரப்பி அமரும் இருக்கையும் கொண்டவை அவை. ஏ.டி.வி. என்று அவற்றை அழைக்கிறார்கள். எல்லாத் தரையிலும் செல்லவல்ல வண்டி என்பது அதன் பொருள். வேற்று மாநிலங்களில் பட்டறைத் தொழில் செய்யும் தமிழன்பர்கள் பலர். இத்தகைய வண்டி ஒன்று அவர்களுடைய வாசலுக்குப் பழுதாகி வந்தால், அதில் முதலில் நோக்க வேண்டிய ஒரு சிறு உறுப்பைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன். அதுதான் புஷ்.

1970-ஆம் ஆண்டில் ஹோண்டா நிறுவனம் இவ்வகையில் வெளியிட்ட மூன்று சக்கர வண்டிக்கு ஷாக் அப்சார்பரே கிடையாது. காற்று குறைவாக அடைத்த பருத்த டயர்களே குலுக்கலைத் தாங்கின. பின்னர் நான்கு சக்கரங்களும், சுருள்வில்லும், தாங்குகரங்களும் வந்தன. ஆர்ம் என்று பட்டறைகளில் சொல்லப்படும் இந்தக் கரம், ஒரு முனையில் சக்கரத்தையும் மறுமுனையில் வண்டியின் சட்டத்தையும் பற்றிக்கொண்டு மேலும் கீழும் அசைகிறது. சட்டத்தோடு சேரும் இடத்தில், கரத்தின் குழாய்க்கும் போல்ட்டுக்கும் நடுவே இருப்பது புஷ்.

நம் ஊர் மாட்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். சக்கரத்தின் குடம் அச்சில் நேரே உராய்ந்து கெடாதபடி, அதனுள் இரும்பு வளையம் செருகி, வண்டி மையும் இடுவார்கள். வளையம் தேயும், குடம் பிழைக்கும். புஷ்ஷின் வேலையும் இதுவே. தான் தேய்ந்து, விலை மிகுந்த உறுப்பைக் காப்பது அதன் கடமை. ஆகவே புஷ் தேய்ந்தது என்பது குற்றமன்று. தேய்ந்த பின்னும் அதை மாற்றாமல் ஓட்டுவதே குற்றம். புஷ் முற்றிலும் அழிந்தால் போல்ட்டு தேயும். பின்பு சட்டத்தின் துளை முட்டை வடிவாக அகலும். சிறு தொகையில் முடிந்திருக்க வேண்டிய வேலை, சட்டத்தையே அறுத்து ஒட்டும் வேலையாகிவிடும்.

தேய்வை அறிவது எப்படி? முதலில் எல்லா டயர்களிலும் காற்றைச் சரிபாருங்கள். காற்றுக் குறைவும் வண்டியைத் தள்ளாடச் செய்யும். பிறகு வண்டியை ஜாக்கியால் தூக்கி, சக்கரம் தரையில் படாமல் நிறுத்துங்கள். சக்கரத்தின் மேற்புறத்தையும் கீழ்ப்புறத்தையும் பற்றி அசைத்துப் பாருங்கள். வேறொருவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு எந்த இடம் ஆடுகிறது என்று நோக்கட்டும். கரம் அசையாமல் சக்கரம் மட்டும் ஆடினால் கோளாறு சக்கரத்தின் பேரிங்கில் இருக்கலாம், அல்லது கரத்தின் நுனியிலுள்ள பந்து மூட்டில் இருக்கலாம். கரத்தின் அடி, சட்டத்தோடு சேரும் இடத்தில் ஆடினால் மட்டுமே புஷ்ஷைக் கழற்ற வேண்டும். இச்சோதனையைச் செய்யாமல் புஷ்ஷை மாற்றினால் பணமும் வீண், ஆட்டமும் தீராது.

புஷ்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, இரும்புக் குழல்களுக்கு இடையே ரப்பரை ஒட்டிச் செய்தது. இங்கே எதுவும் உராய்வதில்லை. ரப்பர்தான் முறுகி நெகிழ்கிறது. இதற்குக் கிரீஸ் வேண்டியதில்லை; கிரீஸும் எண்ணெயும் பட்டால் ரப்பர் ஊதிக் கெடவும் கூடும். இந்த வகையை லேத்தில் கடைய இயலாது. அதே அளவுள்ள புதியதைத்தான் வாங்க வேண்டும். ஆனால் ஏ.டி.வி.க்கென்று விற்பதைத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. உள்விட்டம், வெளிவிட்டம், நீளம் மூன்றும் பொருந்தினால், மோட்டார் சைக்கிளின் பின்கவைக்கு விற்கும் புஷ்ஷும் சில சமயங்களில் உதவும்.

விலை குறைந்த வண்டிகள் பலவற்றில் காணப்படுவது இரண்டாவது வகை. கரத்தின் குழாயினுள் பிளாஸ்டிக் புஷ். அதனுள் இரும்பு உட்குழல். உட்குழலின் வழியே போல்ட்டு. சேறும் மணலும் உட்புகுந்தால் இந்தப் பிளாஸ்டிக் விரைவில் கரைந்துவிடும். உதிரிப் பாகம் கிடைக்காவிடினும் கவலையில்லை. ஊரில் ஒரு லேத் இருந்தால் போதும். இந்தி வழங்கும் நகரங்களில் லேத்தைக் கராத் என்றும், கடைபவரைக் கராதியா என்றும் சொல்லிக் கேளுங்கள். மொழி சரளமாக வராதவர் ஒரு தாளில் படம் வரைந்து, அளவுகளை எண்ணால் குறித்துக் கொடுத்தால் தவறு நேராது. எண்ணுக்கு எந்த மாநிலத்திலும் மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

எந்தப் பொருளில் கடைவது? நைலான் மலிவானது, எங்கும் கிடைப்பது. ஒரு முழ நீளமுள்ள நைலான் தண்டில் ஒரு சிறு வண்டிக்கு வேண்டிய புஷ்கள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் நைலான் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும் இயல்புடையது. வறண்ட நாளில் இறுக்கமாகக் கடைந்த புஷ், மழைக்காலத்தில் உட்குழலைக் கவ்விக்கொள்ளும். ஆகவே சிறிது கூடுதலான இடைவெளி விட வேண்டும். உட்குழல் 16 மில்லிமீட்டர் என்றால், குழாயில் அழுத்திய பிறகு புஷ்ஷின் துளை ஏறத்தாழ 16.1 மில்லிமீட்டர் இருக்கலாம். அசிட்டால் என்னும் பிளாஸ்டிக் ஈரத்தை மிகக் குறைவாகவே ஏற்கும். சற்று விலை கூடினாலும், கடற்கரைக்கும் மழைநாட்டுக்கும் அது ஏற்றது. கன்மெட்டல் வலுவானது; லாரியின் வில்தகடுகளில் காலங்காலமாக உழைத்து வருவது. ஆயினும் தவறாமல் கிரீஸ் இடுவோருக்கே அது பயன்தரும். மசகு வற்றிய இடத்தில் மணல் புகுந்தால், உட்குழலை அது அரம்போல் அராவிவிடும்.

பழைய புஷ்ஷைச் சுத்தியால் அடித்துக் கழற்றாதீர்கள். குழாயின் வாய் நெளிந்துபோகும். ஒரு நீண்ட போல்ட்டு, இரண்டு வாஷர்கள், புஷ்ஷைவிடப் பெரிய குழாய்த்துண்டு ஒன்று, சிறியது ஒன்று ஆகியவை போதும். நட்டை முறுக்க முறுக்கப் பழைய புஷ் பெரிய குழாய்க்குள் வந்துவிழும். புதியதை உள்ளே செலுத்தவும் இதே கருவிதான். ரப்பர் புஷ்ஷைத் தீயிட்டு எரித்து எடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அந்தப் புகை நுரையீரலுக்குக் கேடு. அதைக் கைவிட வேண்டும். பிளாஸ்டிக் புஷ்ஷைக் குழாயில் அழுத்தியதும் அதன் உள்துளை சற்றுச் சுருங்கும். ஆதலால் அழுத்திய பிறகே ரீமரால் துளையை இறுதி அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

இனி, பலரும் கவனியாத ஒன்றைச் சொல்கிறேன். உட்குழல், புஷ்கள் இரண்டின் விளிம்புகளையும் சேர்த்த மொத்த நீளத்தைவிட இம்மியளவு நீண்டிருக்க வேண்டும். மொத்தம் 50 மில்லிமீட்டர் என்றால், உட்குழல் 50.2 மில்லிமீட்டர் இருக்கட்டும். அப்போதுதான் போல்ட்டை முழுதும் முறுக்கினாலும், இறுகுவது உட்குழல் மட்டுமே. கரம் தடையின்றி அசையும். உட்குழல் குறுகிப்போனால் கரம் இறுகி நிற்கும். அதைக் கண்டு போல்ட்டைத் தளர்த்தி வைப்பார்கள். தளர்ந்த போல்ட்டு சட்டத்தின் துளையைத் தின்னும். புதிய புஷ் போட்டும் ஒரு மாதத்தில் ஆட்டம் திரும்பியதென்றால், பலமுறை காரணம் இதுதான்.

ரப்பர் வகைக்கு வேறொரு விதி. வண்டி ஜாக்கியின்மேல் நிற்கும்போது போல்ட்டை இறுதியாக முறுக்கக் கூடாது. தரையில் இறக்கி, பாரம் சக்கரங்களில் விழுந்த பிறகே முறுக்க வேண்டும். இல்லாவிடில் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழியும். இரண்டு வகைக்கும் நைலான் பிடிப்புள்ள நட்டைப் புதிதாகப் போடுவது நலம். பிளாஸ்டிக் புஷ் பூட்டிய பின், ஷாக் அப்சார்பரை மாட்டுவதற்கு முன், கரத்தைத் தூக்கி விட்டுப் பாருங்கள். அது தன் எடையாலேயே மெல்ல இறங்க வேண்டும். பக்கவாட்டில் ஆடக் கூடாது. முதல் நாள் ஓட்டத்துக்குப் பின் எல்லா நட்டுகளையும் மீண்டும் ஒருமுறை சோதியுங்கள்.

சிக்கனம் வேறு, ஏமாற்று வேறு. குளிர்பானத் தகரத்தை வெட்டி இடைவெளியில் சுற்றிச் செருகுவார்கள். காட்டின் நடுவே நின்ற வண்டியை வீடு சேர்க்க அது உதவலாம். மறுநாள் வாடகைக்கு விட உதவாது. தகரம் நழுவும், கிழியும், ஆட்டம் முன்னைவிடப் பெருகும். கரத்தில் வெல்டிங் ஓரமாக மயிரிழை விரிசல் தெரிந்தால் அதன்மேல் ஒட்டுப்போடாமல் கரத்தையே மாற்றுங்கள். தேய்ந்த பந்து மூட்டையும் மாற்றத்தான் வேண்டும். அகன்ற துளைக்குத் தகடு வைத்து ஒட்டலாம். ஆனால் பேட்டரி இணைப்பைக் கழற்றி, பெட்ரோல் தொட்டியை அப்புறப்படுத்திய பின்னரே அவ்வேலையைத் தொடங்க வேண்டும்.

இவ்வளவு எச்சரிக்கை ஏன் என்று கேட்கலாம். இந்த வண்டியில் ஏறுபவர் பெரும்பாலும் அதை முதன்முறையாக ஓட்டுபவர். சரிவில் கைப்பிடி தானே ஒரு பக்கம் இழுத்தால், அது தேய்ந்த புஷ்ஷின் வேலை என்று அவருக்குத் தெரியாது. அஞ்சித் திருப்புவார், வண்டி புரளும். அவர் உயிர், தாம் கண்டிராத ஒரு தொழிலாளியின் மனச்சாட்சியை நம்பி இருக்கிறது. விடுமுறைக் கூட்டம் அலைமோதும் நாளில், "இந்த வண்டி இன்று ஓடாது" என்று உரிமையாளரிடம் சொல்லும் துணிவும் பழுதுபார்ப்பவருடைய கருவிகளில் ஒன்று. அதற்கு விலை கிடையாது. ஆனால் வேற்று மண்ணில் ஒரு பட்டறைக்கு நற்பெயர் தேடித் தருவது அதுவே.