வாரவிடுதியும் இரு பிள்ளைகளும்

நெடுந்தீவில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்க. தந்தை கடற்றொழிலாளர். தாய் நான்கு பசுக்களை வளர்த்துப் பால் விற்று வருபவர். மூத்தவள் எட்டாம் வகுப்பிற் பயிலும் மகள். இளையவன் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சையிலே சித்தியெய்தி, யாழ்ப்பாண நகரிலுள்ள பெரிய கல்லூரியொன்றில் ஆறாம் வகுப்பிற் சேரத் தகுதி பெற்ற மகன். பெறுபேறு வந்த அன்று வீட்டில் மகிழ்ச்சி பொங்கிற்று. மறுநாள் கவலை வந்து குந்திக்கொண்டது. மகனை மட்டும் அனுப்புவதா, இருவரையும் அனுப்புவதா? ஒரே பாடசாலைக்கா, வெவ்வேறு பாடசாலைகளுக்கா? வெள்ளிக்கிழமை மாலை வீடு வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்பும் வாரவிடுதி ஏற்பாடு அவர்களுக்குக் கைகூடுமா?

இக்குடும்பம் கற்பனையே. எனினும் தீவுப் பகுதியிலும் வன்னியிலும் இத்தகைய பெற்றோர் எத்தனையோ பேர் உளர். 1940ஆம் ஆண்டுகளில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்கள் கல்வி மந்திரியாயிருந்து மத்திய கல்லூரிகளையும் அவற்றோடு விடுதிகளையும் நாட்டுப்புறங்களில் நிறுவியதன் நோக்கமே, இத்தகைய வீட்டுப் பிள்ளைக்கும் உயர்ந்த கல்வி எட்டவேண்டும் என்பதுதான். கதவு திறந்தது. அக்கதவின் வழியே பத்து வயதுப் பிள்ளை தனியே நடந்து போகவேண்டியிருந்தது என்பதும் உண்மை.

பாடசாலையைத் தெரிந்தெடுக்க முற்படும் பெற்றோர் வழக்கமாக விசாரிப்பவை மூன்று: பரீட்சைப் பெறுபேறு, கல்லூரியின் பெயர், விடுதிக் கட்டணம். இவை வேண்டாதவை அல்ல. ஆனால், அவற்றுக்கு முன்னர் விசாரிக்க வேண்டியது ஒன்றுண்டு. அது, பிள்ளை வீடு திரும்பும் வழி.

இங்கிலாந்திலே யோர்க்சயர்ப் பகுதியில் ஹாவர்த் என்னும் ஊரில் பாட்ரிக் பிரொன்டி என்னும் மதகுருவானவர் வாழ்ந்தார். மனைவியை இழந்தவர், ஆறு பிள்ளைகளின் தந்தை. குறைந்த வருவாயுடைய குருமாரின் பெண்மக்களுக்கென 1824ஆம் ஆண்டில் கோவன் பிரிட்ஜ் என்னும் இடத்தில் ஒரு விடுதிப் பாடசாலை தொடங்கப்பட்டது. கட்டணம் குறைவு, ஆதரித்தோர் பெயர் பெற்றவர்கள். அவர் அவ்வாண்டிலேயே மரியா, எலிசபெத், சார்லட், எமிலி என்னும் தம் புதல்வியர் நால்வரையும் அங்கே சேர்த்தார். வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையே 40 மைலுக்கு மேற்பட்ட தூரம். வாரந்தோறும் வீடு திரும்பும் வழக்கம் அங்கில்லை. உணவு கெட்டிருந்ததையும், குளிர் வாட்டியதையும், மூத்தவள் மெலிந்து வந்ததையும் காணத் தகப்பனின் கண் அங்கே இருக்கவில்லை. 1825ஆம் ஆண்டு பெப்ரவரியில் மரியா நோயாளியாக வீடு கொண்டுவரப்பட்டாள்; மே மாதத்தில் இறந்தாள். எலிசபெத் ஜூன் மாதத்தில் இறந்தாள். இருவரையும் கொண்டது சயரோகம். மரியா இறந்த பின்னரே, எலிசபெத் இறப்பதற்குச் சற்று முன்னர், சார்லட்டும் எமிலியும் வீட்டுக்கு அழைக்கப்பட்டனர். 1847இல் சார்லட் எழுதிய 'ஜேன் அயர்' நாவலில் வரும் கொடிய விடுதிப் பாடசாலை அந்த நினைவிலிருந்து எழுந்ததே.

அத்தந்தை அன்பற்றவர் அல்லர். பிள்ளைகளைத் தாமே அழைத்துச் சென்று விட்டு வந்தவர். அவர் பார்த்தது சேர்த்த நாளின் பாடசாலையை மட்டுமே.

வாரவிடுதியின் பெருமை இங்கேதான் இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை தாய் பிள்ளையின் தலையைத் தடவுகிறாள். தோள் எலும்பு தட்டுப்படுகிறதா என்று கை தானே அறிந்துகொள்கிறது. எந்தக் கல்வி அதிகாரியின் மேற்பார்வையும் அதற்கு ஈடாகாது.

அதே 1824ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து உடுவிலில் அமெரிக்க மிசனைச் சேர்ந்த ஹரியற் வின்சிலோ அம்மையார் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். (தமிழ் அகராதியால் நாமறிந்த வின்சிலோவின் மனைவியார் இவர்.) பெண் பிள்ளையை வீட்டுக்கு வெளியே தங்கவைத்துப் படிப்பித்தல் அக்காலத்தில் எண்ணிப் பார்க்கவும் அஞ்சிய காரியம். 1913இல் சேர். பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் சைவப் பெண்களுக்கென விடுதியுடன் கல்லூரி அமைத்தார்; 1921இல் திருநெல்வேலியில் ஆண்களுக்காகப் பரமேஸ்வராக் கல்லூரியை எழுப்பினார். அக்காவை ஒன்றிலும் தம்பியை மற்றொன்றிலும் சேர்த்தால், இருவருக்கும் இடையே சில மைல்களே இருந்திருக்கும்.

இனி, நெடுந்தீவுக் குடும்பத்தின் கணக்கைப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டதும் யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் பேருந்து. அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம். பேருந்து பிந்தினால் படகு போய்விடும். திங்கட்கிழமைக் காலைப் படகில் வந்தால் முதற்பாட மணி தவறிப்போகும். ஆதலால் ஞாயிறன்றே புறப்பட வேண்டும். வீட்டில் எஞ்சுவது இரண்டு இரவுகள். வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்துப் படகுச் சேவை நின்றுவிட்டால் அவ்விரண்டுமில்லை. போதாக்குறைக்குச் சனிக்கிழமைத் தனியார் வகுப்பு. அதைக் காரணங்காட்டி, 'இந்த வாரம் பிள்ளை நிற்கட்டும்' என்று விடுதியார் கூறுவர். மாதத்தில் மூன்று வாரம் அப்படியே கழியும். வாரவிடுதி பெயரளவில் மட்டும் வாரவிடுதியாகும். இவ்விடத்திற் பெற்றோர் சற்றுக் கடுமையாகவே இருத்தல் நன்று.

ஆகவே, பாடசாலையின் பெயரைக் கேட்குமுன், படகு தவறிய வெள்ளிக்கிழமை இரவில் பிள்ளைகள் எங்கே படுப்பர் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வேலணையிலோ புங்குடுதீவிலோ பெரியம்மாவின் வீடு இருப்பின், அது பெறுபேற்று அட்டவணையிற் காணப்படும் பல 'ஏ'க்களினும் மதிப்புடையது.

விடுதியை நேரிற் பார்க்கச் செல்லும் பெற்றோர், முன்மண்டபத்து வெற்றிக் கிண்ணங்களைக் கண்டு திரும்பிவிடலாகாது. சமையலறைக்குப் பின்புறம் சென்று கிணற்றையும் மலகூடத்தையும் பார்க்க வேண்டும். காய்ச்சல் கண்ட பிள்ளை எங்கே படுக்கும், நள்ளிரவில் அழுதால் யார் காதில் விழும் என்று கேட்க வேண்டும். சோற்று நேரத்திற் போனால் இன்னும் நன்று. பிள்ளைகள் பேசிச் சிரித்து உண்கின்றனரா, தலை குனிந்து விழுங்குகின்றனரா என்பது வாசலிலேயே தெரிந்துவிடும்.

இரு பிள்ளைகளாய் இருப்பதால் எழும் சிக்கல் வேறு. புலமைப்பரிசில் தம்பிக்கு வந்தது. அக்காவோ இதுவரை ஒருவர் கண்ணிலும் படவில்லை. அவள் நின்றால் பால் கறக்க ஆள் உண்டு என்ற எண்ணம், வாய்விட்டுச் சொல்லப்படாமலே, அவ்வீட்டிற் பலர் மனத்தில் ஓடும். அவளையும் அனுப்பலாம் என்று முடிவு செய்யும் வீட்டிலும், 'தம்பிக்குத் துணையாய்ப் போகட்டும்' என்றே பேசப்படும். படகிலும் பேருந்திலும் அவள் துணையாவது இயல்பு. ஆனால், அவன் சட்டையைத் தோய்ப்பதும், அவன் வீட்டுப்பாடத்தைப் பார்ப்பதும் அவள் கடமையாகிவிட்டால், இரண்டாம் தவணை முடியுமுன் அவளுடைய கணிதம் பின்தங்கிவிடும். அவள் தன் படிப்புக்காகவே போகிறாள் என்பதைத் தந்தை இருவர் முன்னிலையிலும் ஒருமுறை வாய்திறந்து சொல்லுதல் வேண்டும்.

நகரத்துப் பெரிய ஆண்கள் கல்லூரி மகனுக்கு. பெண்கள் கல்லூரி மகளுக்கு. மற்றொரு வழி, இரு பாலாரும் பயில, இரண்டு விடுதிகளையும் ஒரே வளவில் வைத்திருக்கும் கல்லூரி. பின்னதற்குப் பெயர் சற்றுக் குறைவாயிருக்கலாம். பத்து வயதுப் பையனுக்கு முதலிரண்டு ஆண்டுகளேனும், இடைவேளையில் அக்காவைத் தூரத்தே காணுதல் பெரும் ஆறுதல். பதின்மூன்று வயதுப் பெண் அதை விரும்புவாளா என்பது வேறு கேள்வி. அவளையே கேட்டறிய வேண்டும். தனித்தனிக் கல்லூரிகளைத் தெரிந்தால், இரண்டும் வெள்ளியன்று எத்தனை மணிக்கு விடும், தவணை முடிவு ஒரே நாளா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். அரை மணி வேறுபாட்டால் ஒரு பிள்ளை தனியே கடல் கடக்க நேரும்.

சேர்த்தபின் மூன்றாம், நான்காம் ஞாயிறுகளே கடினமானவை. புதுமை தீர்ந்திருக்கும். பிற்பகலில் இளையவனுக்கு வயிற்றுநோ வரும். அது பெரும்பாலும் பிரிவின் நோவு. இறங்குதுறை தாண்டியதும் தீர்ந்துவிடும். அது தீராமல் வாரந்தோறும் வளர்ந்தால், சாப்பாட்டைப் பற்றியோ பெரிய மாணவர் சிலரைப் பற்றியோ சொல்லத் தயங்கும் செய்தி ஒன்று அதனுள் இருக்கக்கூடும். தாய் கேட்டால் அவன் சொல்ல மாட்டான். அக்காவுக்கு அது தெரிந்திருக்கும். மாட்டுக் கொட்டிலில் அவள் உதவி செய்யும் வேளையில், கன்று பால் குடிக்கும் அந்தச் சிறு நேரத்தில், அவளிடம் மெல்லக் கேட்கலாம்.