நம் சிறுவர் கவிதை வகுப்பு

(ஜூபிலி விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி விழாக் குழுவினர் நம்மிடம் ஒரு விண்ணப்பம் வைத்தார்கள். ஞாயிறுதோறும் மறைக்கல்வி முடிந்தபின் பங்கு மண்டபத்தில் நடைபெறும் சிறுவர் கவிதை வகுப்பிலிருந்து பத்துக் கவிதைகளைப் பொறுக்கி, சற்றே செப்பனிட்டு, மலரில் அச்சிடவேண்டும். முதல் மூன்றுக்குப் பரிசு தரவேண்டும் என்பது அது. பரிசு வேண்டாம் என்றோம். செப்பனிடுவதும் வேண்டாம் என்றோம். அச்சிடுவதைப் பிள்ளைகளைக் கேட்டுத்தான் சொல்லமுடியும் என்றோம். "சாமி இப்படிச் சொல்லிவிட்டாரே" என்று சிலருக்கு மனத்தாங்கல். அதற்கு விடையாகவே இன்று சில வார்த்தைகள் பேசுகிறோம்.

வகுப்புக்கு வரும் புதுப் பிள்ளைகள் முதலில் எழுதுவதைப் பார்த்தால் தாமரைத் தடாகமும், குயிலும், வெண்ணிலவும்தான். கடற்கரையில் பிறந்து உப்புக்காற்றில் வளர்ந்த பிள்ளைக்குத் தாமரைத் தடாகம் எங்கிருந்து வந்தது? பாடப்புத்தகத்திலிருந்தும் சினிமாப் பாட்டிலிருந்தும் வந்தது. கவிதை என்பது நம் வீட்டில் இல்லாத பொருள் என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது. ஆகவே நாம் தலைப்புக் கொடுப்பதில்லை. மேசைமேல் ஏதேனும் ஒரு பொருளை வைப்போம். ஒருநாள் வலை பின்னும் ஊசி. ஒருநாள் அறுந்த கயிற்றுத் துண்டு. ஒருநாள் ஒரு கை நெத்தோலிக் கருவாடு. (அன்று பூனையும் வகுப்புக்கு வந்துவிட்டது.) தொட்டுப் பார், முகர்ந்து பார், வீட்டில் இதற்கு என்ன பெயர் சொல்வார்கள், அதை எழுது என்போம். முதல் பத்து நிமிடம் வெறும் சொற்கள்தான். வரிகள் பிறகு வரும். அப்படி வந்த வரிகளில் ஒன்று, எழுதிய பையனின் சம்மதத்தோடு சொல்கிறோம்:

"எங்கள் வீட்டில் எப்போதும் மீன் வாசம்.
வாசம் இல்லாத நாளில்
அம்மா பேசமாட்டாள்."

இதில் எதைச் செப்பனிடுவது?

யாப்புச் சொல்லித் தருவதில்லையா என்று தமிழாசிரியர் ஒருவர் கேட்டார். தருகிறோம், விளையாட்டாக. இத்தாலியில் 1680-ல் பிறந்து நம் தமிழுக்கு வந்த வீரமாமுனிவர், 1732-ல் சதுரகராதியை முடித்தபோது அதன் ஒரு பகுதியைத் தொடையகராதியாக அமைத்தார். எதுகைக்கு ஒத்துவரும் சொற்களைத் திரட்டித் தரும் பகுதி அது. 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடிய பெரும்புலவரே சொற்களை இப்படிச் சேர்த்து வைத்தார் என்றால், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அது வேண்டாமா? கரும்பலகையில் 'வலை' என்று எழுதினோம். அலை, தலை, மலை, இலை என்று நாலா பக்கமிருந்தும் சொற்கள் பறந்து வந்தன. ஒரு பையன் 'விலை' என்றான். அங்கே விளையாட்டு நின்றுவிட்டது. கரையில் மீனை ஏலம் போடும்போது அப்பாவின் முகம் எப்படி இருக்கும் என்று ஒருவன் சொல்ல, அது அப்படியில்லை, இப்படி என்று இன்னொருத்தி சொல்ல, அன்று மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. எதுகை செய்த வேலை அது.

119-ஆம் திருப்பாடலைப் பற்றியும் ஒருநாள் சொன்னோம். எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துக்களை வரிசையாகக் கொண்டு, எழுத்துக்கு எட்டாக 176 வசனங்கள். தமிழில் படிக்கும்போது இது தெரிவதில்லை. ஆத்திசூடி சொல்லி வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம், அகரத்தில் தொடங்கிவிட்டார்கள். ஔகாரத்தில் எல்லாரும் முட்டிக்கொண்டார்கள். ஔவையாரையும் ஔடதத்தையும் விட்டால் அங்கே என்ன இருக்கிறது?

நிற்க. பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஒரு பிள்ளை வீட்டிலிருந்து எழுதிக் கொண்டுவந்த கவிதையில் 'அஞ்ஞான இருள்' என்று இருந்தது. "அஞ்ஞானம் என்றால் என்ன மக்களே?" என்றோம். "மாமாகிட்ட கேட்டுச் சொல்றேன் சாமி" என்றது. மாமாவின் புலமைக்கு நம் வணக்கம். மலரில் அவருக்கென்று தனிப் பக்கம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறோம்.

ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறார்களே என்பது இன்னொரு முறையீடு. எழுதட்டும். லூக்கா முதல் அதிகாரத்தில் மரியன்னை பாடும் பாடலையும், சாமுவேல் முதல் நூலின் இரண்டாம் அதிகாரத்தில் அன்னா பாடும் பாடலையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். பழைய பாட்டின் சாயல் அன்னையின் பாட்டிலும் உண்டு. மகிழ்ச்சி மட்டும் அவருடையது.

இனி, நாம் தயங்கித் தயங்கிச் சொல்லவேண்டிய காரியம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் நம் குமரிக் கரைக்குச் செய்ததை இங்கு யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. அன்று கைக்குழந்தையாக இருந்தவர்கள் இன்று நம் வகுப்பில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். அவர்களுள் ஒரு பிள்ளை — யார் என்று கேட்கவேண்டாம் — கடவுளிடம் ஒரு கேள்வி எழுதியது. நீர் தூங்கினீரா என்பது அதன் சாரம். இவ்வளவு சொல்லலாம் என்று அப்பிள்ளையே அனுமதித்தது, மீதியைச் சொல்லமாட்டோம். படித்த ஆசிரியை கலங்கிப்போய், "கடைசியில் இறைவனின் சித்தம் என்று ஒரு வரி சேர்த்துவிடலாமா சாமி?" என்றார். நல்ல மனதோடு கேட்டார். வேண்டாம் என்றோம். படகில் தலையணை வைத்துத் தூங்கிய ஆண்டவரைச் சீடர்கள் எழுப்பி, நாங்கள் சாகிறோமே, உமக்குக் கவலையில்லையா என்ற பொருளில் முறையிட்டதை மாற்கு நான்காம் அதிகாரத்தில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். 88-ஆம் திருப்பாடல் ஆறுதல் வரி ஒன்றுமின்றி இருளிலேயே முடிகிறது. திருச்சபை அதற்கு ஒரு வரி சேர்க்கவில்லை, அப்படியே செபிக்கிறது. பிள்ளையின் கேள்விக்கு நாம் அவசரப்பட்டுப் பதில் எழுதிவிட்டால், அடுத்த ஞாயிறு அது தாமரைத் தடாகத்துக்குத் திரும்பிவிடும். உள்ளே இருப்பதை யாரிடமும் சொல்லாது.

அந்தக் கவிதை மலரில் இல்லை. பிள்ளை வேண்டாம் என்றது. மலரில் வந்திருப்பவை ஏழு. பெயர் போடச் சொன்னவர்களுக்குப் பெயர் உண்டு, வேண்டாம் என்றவர்களுக்கு இல்லை. எழுத்துப் பிழைகளை மட்டும் பிள்ளைகளே ஆசிரியையோடு உட்கார்ந்து திருத்தினார்கள். றகர ரகரத்தில் நம் ஊர் எப்போதும் தாராளம்தான்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். எழுதியதை வெளியே சொல்லோம் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம். ஆனால் ஒரு பிள்ளைக்கு யாரேனும் தீங்கு செய்வது எழுத்தில் தெரிந்தால், சும்மா இருக்கமாட்டோம், உரிய இடத்தில் தெரிவிப்போம் என்பதையும் அவர்களிடமே சொல்லியிருக்கிறோம். வகுப்பில் எப்போதும் இரண்டு ஆசிரியைகள் உடனிருக்கிறார்கள்.

திருவிழா முடிந்து அடுத்த ஞாயிறு வகுப்பு வழக்கம்போல் தொடங்கும். ஒரு நோட்டும் ஒரு பென்சிலும் கொடுத்தனுப்புங்கள். ரப்பர் வேண்டாம், அடித்த சொல்லும் தெரியட்டும். வீட்டில் பிள்ளையின் நோட்டை நீங்களாகத் திறக்கவேண்டாம். அதுவாக வந்து வாசித்துக் காட்டினால், கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு உட்கார்ந்து கேளுங்கள்.